ஒற்றை ரூம் வீட்டில் ஒருவருக்குத் தொற்று: வடசென்னைக்கான செயல்முறை

தொற்று ஏறும்போதெல்லாம் வரும் நோட்டீஸில் முதல் அறிவுரை ஒன்றுதான்: நோயாளிக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை. காசிமேடு, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு அதோடு நோட்டீஸ் முடிந்துவிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு ரூம், அதிலேயே அடுப்பு, ஐந்து பேர், ஆறு குடித்தனத்துக்கு ஒரு லெட்ரின். 2020-இல் முதல் அலை வந்தபோது ராயபுரம் மண்டலம் பல வாரங்கள் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலமாக இருந்தது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று டிவியில் பேசினார்கள். பொறுப்பு இருந்தாலும் ஒதுங்க இடம் வேண்டுமே.

ரூமைப் பிரிக்க முடியாது. ஆனால் காற்றையும் நேரத்தையும் பிரிக்கலாம். கொரோனா, ஃப்ளூ மாதிரி மூச்சுக்காற்று வழியாகப் பரவும் கிருமிக்கு அதுதான் முக்கியம். கீழே உள்ள எல்லாமே அந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

முதல் நாள்

ஒருவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி என்று தொடங்கினால் டெஸ்ட் ரிசல்ட் வரும் வரை காத்திருக்காதீர்கள். ரிசல்ட் வர ஒரு நாள் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுகிறது. அறிகுறி தொடங்கிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான்.

ரேப்பிட் டெஸ்டில் நெகட்டிவ் வந்தால் தெருவே நிம்மதி ஆகிவிடுகிறது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. அறிகுறியோடு நெகட்டிவ் வந்தால் ஒன்று லேபில் பார்க்கும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் எடுக்க வேண்டும், இல்லை இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். தொற்று உள்ளவரோடு இருந்துவிட்டு மறுநாளே ஓடிப்போய் டெஸ்ட் எடுப்பதும் வீண். அறிகுறி இல்லையென்றால் ஐந்தாம் நாள் வாக்கில் எடுத்தால்தான் ஏதாவது தெரியும்.

அன்றைக்கே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும்: வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகம்? 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர், இதய நோய், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணி. நோயாளியை வெளியே அனுப்ப வழியில்லாவிட்டாலும் பாட்டியை அத்தை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். ஆனால் நோயாளியோடு ஏற்கெனவே ஒரே ரூமில் படுத்த பாட்டி அங்கே போய்த் தொற்றைக் கொடுக்கவும் கூடும். அதனால் அங்கேயும் ஐந்தாறு நாள் மாஸ்க்கோடு, ஜன்னல் ஓரமாக, தனித் தட்டில்தான் இருக்க வேண்டும். இதை அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது

ஓர் ஊதுபத்தி போதும். அதைக் கொளுத்தி வாசல்படி உயரத்தில், பிறகு ஜன்னல் கம்பிக்கு அருகில், பிறகு மேலே வென்டிலேட்டர் துளைக்குக் கீழே பிடியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம். அப்போது ஃபேன் ஓடக் கூடாது. புகை உள்ளே வரும் இடம் ஒன்று இருக்கும், வெளியே போகும் இடம் ஒன்று இருக்கும். வெளியே போகும் இடத்துக்குப் பக்கத்தில் நோயாளி, உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்தில் மற்றவர்கள். இவ்வளவுதான் விதி. புகை நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த ரூமில் காற்றோட்டமே இல்லை என்று அர்த்தம். அங்கே ஃபேனை வைத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

இதைக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் காற்று திசை மாறும். மார்ச்சிலிருந்து மே வரை காலையில் நிலப்பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து, லேசாக அடிக்கும். பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். ஜூன், ஜூலையில் மேல்காற்று பலமாக இருப்பதால் கடற்காற்று மூன்று, நான்கு மணிவரை வராது. சில நாள் வரவே வராது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நாள் முழுக்க வடகிழக்கிலிருந்து. கிழக்கு பார்த்த வாசல் உள்ள வீட்டில் கோடையில் காலையில் வாசலோரம் படுத்திருக்கும் நோயாளி, மதியத்துக்கு மேல் காற்று வரும் வழியிலேயே படுத்திருப்பார். அவர் விடும் மூச்சு வீடு முழுக்கப் போகும். மதியம் பாயை இழுத்து எதிர்ப்பக்கம் போடுங்கள். அதனால் நோயாளிக்குக் கட்டிலைவிடப் பாய் வசதி.

ஃபேன் விஷயத்தில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. டேபிள் ஃபேனை நோயாளிக்குப் பின்னால் வைத்து அவர் மேல் அடிக்க விட்டால், அவர் விடும் மூச்சை நேராக மற்றவர்களிடம் தள்ளுகிறது. ஃபேனின் முகம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பியிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி வையுங்கள். ஃபேனுக்கு இரண்டு பக்கமும் உள்ள இடைவெளியை அட்டைப்பெட்டிக் காகிதத்தால் மூடினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வராது. வாசல் கதவு நான்கு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். வர வழி இல்லையென்றால் போகவும் போகாது. திரும்ப ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். வாசலில் புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி.

சந்துகளில் எதிர்வீட்டு ஜன்னல் நாலடியில் இருக்கும். உங்கள் ஃபேன் அவர்கள் ரூமுக்குள் ஊதினால் அது நியாயமில்லை, சண்டையும் வரும். அப்படியானால் கூரைப் பக்கம் திறக்கும் வென்டிலேட்டரைப் பயன்படுத்துங்கள். ஒன்பது இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை அங்கே மாட்ட முடிந்தால் தொற்று போன பிறகும் அடுப்புப் புகைக்கு உதவும். சீலிங் ஃபேன் ஓடலாம், ஆனால் கதவு, ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டும். எல்லாம் மூடி அது மட்டும் ஓடினால் கெட்ட காற்றைக் கலக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்ப்ளிட் ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடுகிறது. ஏசி வேண்டுமென்றால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், கரண்ட் பில் கூடினாலும் பரவாயில்லை.

மொட்டை மாடி இருந்தால் அதைவிட நல்ல வார்டு கிடையாது. ராத்திரி நோயாளியை மாடியில் படுக்க வைக்கலாம்: பாய், கொசுவலை, தண்ணீர் பாட்டில், டார்ச், போன். கொசுவத்திச் சுருள் வேண்டாம், இருமலைக் கூட்டும். ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் துணி காயப்போடும் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மூச்சு வாங்குபவரையும், தனியாக எழுந்து நடக்கத் தடுமாறுபவரையும் மாடிக்கு ஏற்றக் கூடாது. ஷீட் கூரை வீட்டில் இதற்கு எதிர்ப்பிரச்சினை: மதியம் உள்ளே வெந்துபோகும். காய்ச்சல்காரருக்கு அந்த வெக்கையே 101 காட்ட வைக்கும். கூரை மேல் நனைந்த கோணி போட்டு, பகலில் வாசலோரத்து நிழலில் உட்கார வையுங்கள்.

நேரத்தைப் பிரிப்பது

எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது. சாப்பிடும்போது மாஸ்க் கழற்றியாக வேண்டும், அதனால் ஒற்றை ரூமில் ஆபத்தான நேரம் அதுதான். முதலில் மற்றவர்கள், அதுவும் முடிந்தால் வாசலில் உட்கார்ந்து. அப்புறம் நோயாளி உள்ளே. அவர் சாப்பிட்டு மாஸ்க் போட்ட பிறகு இருபது நிமிடம் கழித்து மற்றவர்கள் உள்ளே வரலாம். தூங்கும்போது நோயாளியின் தலையும் மற்றவர்கள் தலையும் எதிரெதிர்ப் பக்கம். நடுவில் புடவையைத் திரையாகக் கட்டுவது மனசுக்கு ஒரு மறைப்பு, கிருமிக்கு இல்லை. காற்று போகும் வழியை அது மறைத்தால் கெடுதலும் கூட.

மாஸ்க் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கவனித்துக்கொள்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், அவருக்கு என்95. நோயாளிக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். கயிற்றில் காதோரம் ஒரு முடிச்சுப் போட்டுப் பக்கவாட்டு மடிப்பை உள்ளே தள்ளினால் கன்னத்தில் ஒட்டி நிற்கும். என்95-ஐத் துவைக்கக் கூடாது. நான்கைந்து வாங்கி, காகிதக் கவரில் கிழமை எழுதி, முறை வைத்து மாற்றிப் போடுங்கள். வேர்வையில் நனைந்தது, கயிறு தளர்ந்தது, மூச்சு இழுக்கச் சிரமமாவது இவையெல்லாம் குப்பைக்கு.

பொது லெட்ரின்

இங்கேதான் லைன் வீட்டில் சண்டை மூள்கிறது. நோயாளி அந்த லெட்ரினுக்கே வரக் கூடாது என்பார்கள். வேறு எங்கே போவார்? ஓர் ஏற்பாடு வேலை செய்யும்: நோயாளிக்கு விடியற்காலை ஒரு நேரம், ராத்திரி எல்லோரும் முடித்த பிறகு ஒரு நேரம். நடுவில் அவசரமென்றால் மாஸ்க்கோடு போகட்டும், முடித்ததும் கதவை அகலத் திறந்து வைத்து அரை மணி நேரம் யாரும் போகாமல் இருக்கட்டும். வாளியும் மக்கும் அவருக்குத் தனி, சிவப்பு நாடா கட்டியது. வெளியே வரும்போது தாழ்ப்பாள், குழாய்த் திருகு, லைட் ஸ்விட்ச் மூன்றையும் துடைக்க வேண்டும். துடைப்பது நோயாளி அல்லது அவர் வீட்டு ஆள். பக்கத்து வீட்டுக்காரர் வேலை அல்ல.

துடைக்க ப்ளீச்சிங் பவுடர் தண்ணீர்: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன் பவுடர். பிளாஸ்டிக் வாளியில் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். துணியில் நனைத்துத் துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். உடனே துடைத்து எடுத்தால் ஒன்றும் சாகாது. இரும்புத் தாழ்ப்பாளைப் பிறகு வெறும் தண்ணீரால் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வாசனை போன பழைய பவுடரில் சத்து இல்லை. மலம் சிந்திய இடமென்றால் ஒரு லிட்டருக்கு ஏழெட்டு டீஸ்பூன்.

சைக்கிளில் பினாயில், ஆசிட் விற்று வருபவரிடம் வாங்கிய ஆசிடை அந்தத் தண்ணீரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். முதல் நாள் ஆசிட் ஊற்றிய பீங்கானில் மறுநாள் ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றினாலும், நன்றாகக் கழுவியிருக்காவிட்டால், குளோரின் வாயு கிளம்பும். நாலடி லெட்ரினுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுவாசித்தால் கிருமியால் வராத மூச்சுத்திணறல் அதனால் வரும். ஆள் மேல் ப்ளீச்சிங் தண்ணீரைத் தெளிப்பதும் கூடாது. 2020-இல் ரோடு முழுக்க மருந்து அடித்தது மக்கள் பயத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, தொற்றைக் குறைக்கவில்லை. கை கழுவ எந்தச் சோப்பும் போதும்.

தண்ணீர் லாரியும் அடிபம்பும்

தொற்று உள்ள வீட்டுக் குடங்களைப் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது நிரப்பி வாசலில் வைப்பதுதான் நல்லது. குடத்தைத் தொட்டால் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: குடத்தில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. லாரி வந்ததும் முப்பது பேர் தோளோடு தோள் நின்று கத்துகிறோமே, அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்து. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் தள்ளி நிற்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு, அதையே தொடர்ந்தால் போதும். குழாயைப் பிடிப்பது ஓர் ஆள், மற்றவர்கள் தங்கள் குடத்தின் முறை வரும்போது மட்டும் முன்னே வருவது. அடிபம்பில் கைப்பிடியைத் தொட்ட பிறகு முகத்தைத் தொடாமல் வீட்டில் கை கழுவினால் சரி.

அளவு பார்க்கும் நோட்டு

ஒரு பழைய நோட்டில் தினமும் நான்கு வேளை எழுதுங்கள்: நேரம், காய்ச்சல், ஆக்சிஜன், நாடித்துடிப்பு, குடித்தது, போன சிறுநீர். டாக்டர் போனில் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.

பல்ஸ் ஆக்சிமீட்டரில் நடக்கும் தப்புகள் பல. நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மருதாணி, நெயில் பாலிஷ் உள்ள விரல் வேண்டாம். குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ முழுக்க உள்ளே விட்டு, கையை நெஞ்சுக்கு நேரே அசையாமல் வைத்து, ஒரு நிமிடம் நிலையாக நிற்கும் எண்ணை எழுத வேண்டும். முதலில் மின்னும் எண்ணை எழுதக் கூடாது. வெயில் நேராக விழும் இடத்திலும் தப்பாகக் காட்டும்.

இன்னொரு விஷயம் பலரைக் கதறவிட்டிருக்கிறது. நோயாளியின் விரலில் மாட்டி எதிரில் நின்று பார்ப்பவருக்கு எண் தலைகீழாகத் தெரியும். கருவியில் கோடுகோடாகத் தெரியும் 98-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86 மாதிரியே இருக்கும். நல்லா இருப்பவருக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுவது பரவாயில்லை. 86-ஐ 98 என்று படித்துவிட்டுத் தூங்கப் போவதுதான் ஆபத்து. சதவிகிதக் குறி எந்த எண்ணோடு இருக்கிறது, அந்தக் குறி நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். நாடித்துடிப்பு எண்ணை ஆக்சிஜன் என்று நினைத்துக்கொள்வதும் இதனால் தவிரும்.

94, அதற்கு மேல் இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். 93 அல்லது அதற்குக் கீழ் திரும்பத் திரும்பக் காட்டினால் டாக்டர். 90-க்குக் கீழ் போனால் யோசிக்காமல் 108 ஆம்புலன்ஸ். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிட ஓரிரு புள்ளி கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒற்றை எண்ணைவிட அது இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதைப் பாருங்கள். நேற்று 98, இன்று காலை 96, மாலை 95 என்றால் 94 வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, போன் செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போது நன்றாகக் காட்டினால் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு புள்ளி இறங்கினால் அது எச்சரிக்கை. ஏற்கெனவே மூச்சு வாங்குபவருக்கு இந்த நடை வேண்டாம்.

கொரோனாவில் முதல் நான்கு நாள் காய்ச்சல் அடித்துவிட்டு ஓய்ந்த மாதிரி இருக்கும். மோசமாவது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். காய்ச்சல் விட்டதென்று ஐந்தாம் நாள் நோட்டை மூடி வைப்பது அதனால்தான் தப்பு.

ஆக்சிஜன் இறங்கியவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும் வரை குப்புறப் படுப்பது உதவும். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழ்ப் பகுதிக்கு இரண்டு. தலையணை இல்லையென்றால் மடித்த போர்வை. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், பிறகு வலப்பக்கம், பிறகு சாய்ந்து உட்கார்ந்து, பிறகு இடப்பக்கம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பெரிய இதய நோய் உள்ளவர்களுக்கும் முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு முறிந்தவர்களுக்கும் இது கூடாது.

2021 மே மாதம் சிலிண்டருக்கு அலைந்ததை வடசென்னை மறக்கவில்லை. அதனால் அடுத்த அலைக்கு வீட்டில் ஒன்று வாங்கி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கையில் தூக்கக்கூடிய பி டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அடுப்பும் விளக்கும் ஊதுபத்தியும் உள்ள ஒற்றை ரூமில் அது தீ விபத்துக்கும் வழி. அந்தப் பணத்தை ஆக்சிமீட்டருக்கும் என்95-க்கும் செலவழியுங்கள்.

மாத்திரை

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் இல்லை. மெடிக்கலில் "ஜலதோஷத்துக்கு" என்று கொடுக்கும் மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். குடிப்பழக்கம், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்.

மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்தே வரும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை புரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு ஆகலாம். கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்று கேட்காதீர்கள். அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் மாலைக்குள் உடம்பு லேசாகிவிடும், உள்ளே கிருமி பெருகும், சர்க்கரை எகிறும். ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு உயிர் காக்கும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலோர் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள்.

கஞ்சி, மோர், இளநீர், ரசம் எது இறங்குகிறதோ அது. ஓஆர்எஸ் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி ஆக்சிஜன் பார்ப்பதை விடக் கூடாது. ஆவி பிடிப்பதால் மூக்கடைப்பு குறையும், தொற்று குறையாது. 2021 மே மாதம் தெருமுனையில் குக்கர் வைத்துக் கூட்டமாக ஆவி பிடித்தார்கள். மாஸ்க்கைக் கழற்றி வரிசையாக ஒரே குழாயில் மூச்சு இழுத்தால் அது பரப்பும் வழி. வீட்டில் பிடிப்பதென்றாலும் தரையில் கொதிநீர்ப் பாத்திரம், பக்கத்தில் தவழும் குழந்தை என்று வைக்காதீர்கள்.

108-ஐக் கூப்பிடும்போது

உதடு நீலம், பேச்சு குழறல், ஒரு வாக்கியம் முடிக்க முடியாத மூச்சு, நெஞ்சில் அழுத்தம், எழுப்பினால் எழாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆக்சிமீட்டரில் எண் பார்க்கவே தேவையில்லை, கூப்பிடுங்கள். போனில் தெருப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் நான்கு தெரு இருக்கும். பக்கத்துக் கோயில், மசூதி, சர்ச், ரேஷன் கடை ஒன்றைச் சொல்லுங்கள். வண்டி உள்ளே வராத சந்து என்றால் "மெயின் ரோட்டுக்குக் கொண்டு வரோம்" என்று சொல்லிவிட்டு ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். நோயாளியை நடக்கவிடக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்குவது எளிது. ரயில்வே கேட், மழையில் நிரம்பும் சுரங்கப்பாதை குறுக்கே வரும் பகுதியில் மாற்று வழியை முன்பே யோசித்து வையுங்கள். கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கும் நாளில் டிரைவருக்கு அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கட்டிவைத்த பையில்: ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, அளவு நோட்டு, போன் சார்ஜர், லுங்கி அல்லது நைட்டி, டம்ளர். நோயாளியின் பெயரும் வீட்டாரின் இரண்டு போன் நம்பரும் எழுதிய காகிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வையுங்கள். ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் ஏறினால் ஆளை எந்த வார்டுக்கு மாற்றினார்கள் என்று தேடுவதிலேயே ஒரு நாள் போகும். போகும் முன் எங்கே படுக்கை இருக்கிறதென்று 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். கர்ப்பிணியை எங்கே கொண்டுபோவது என்று ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியில் முன்னமே கேட்டு எழுதி வையுங்கள்.

தெருவோடு எப்படிப் பேசுவது

2020-இல் தெருவுக்குத் தகரம் அடித்தார்கள். விளைவு என்னவென்றால் காய்ச்சல் வந்தவர்கள் மறைத்தார்கள். வீடு வீடாக வந்த காய்ச்சல் கணக்கெடுப்புப் பெண்களிடம் "எல்லாரும் நல்லா கீறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே பாராசிட்டமால் போட்டுக்கொண்டார்கள். மறைத்தவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனார்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள், தினக்கூலிக்கு வருபவர்கள். அவர்களிடம் சண்டை போட்டு ஆவது ஒன்றுமில்லை.

விஷயம் வதந்தியாகப் பரவும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. எதிர்வீட்டு அக்காவிடம் இப்படிச் சொல்லலாம்: "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல். டெஸ்ட் குடுத்துருக்கு. பத்து நாளு நாங்க வெளிய வர மாட்டோம். லெட்ரினுக்குக் காலைல நாலரை மணிக்குத்தான் வருவாரு, நானே துடைச்சிடுறேன். ரெண்டு குடம் தண்ணி மட்டும் வாசல்ல வெச்சிடுக்கா, போதும்." என்ன கேட்கிறீர்கள், எவ்வளவு நாள், அவர்களுக்கு என்ன பாதுகாப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. வெறுமனே "பாசிட்டிவ்" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பயத்தைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொன்னால் வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள். மாநகராட்சியின் 1913-க்குப் புகார் சொல்லி எண் வாங்குங்கள், வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எது வந்தாலும் இரண்டு கேள்வி: பேசுபவர் எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று சொல்கிறாரா? "எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்று முடிகிறதா? முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் அழித்துவிடுங்கள். நாளை முதல் முழு ஊரடங்கு என்ற வதந்திக்குத்தான் பாதிச் சந்தைக் கூட்டம் கூடுகிறது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தைக் கூட்டத்திலிருந்து எத்தனை மாவட்டங்களுக்குத் தொற்று போனது என்பது தெரிந்த கதை.

கடை, மீன், ரேஷன்

ஞாயிற்றுக்கிழமை காசிமேடு வேண்டாம். வார நாளில் காலை போனால் கூட்டம் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, விலை ஏறும். அந்த இரண்டு மாதம் கருவாடும் முட்டையும் போதும். எம்.சி. ரோட்டில் துணி எடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் எந்தப் பண்டிகையும் கோபித்துக்கொள்ளாது. ரேஷனில் டோக்கன் கொடுத்தால் டோக்கனில் உள்ள நேரத்துக்குப் போங்கள். 2021-இல் நிவாரணம் 4,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தபோது முதல் நாளே தீர்ந்துவிடும் என்ற பயத்தில் விடியற்காலையிலிருந்து நின்றார்கள். அட்டைக்கு உரியது அட்டைக்கு வந்தது. தனிமையில் இருக்கும் வீட்டுக்குப் பொருள் வாங்க யார் போவது என்று ரேஷன் கடைக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள். வீட்டில் சமைக்க ஆளில்லை என்றால் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம் இருக்கிறது. வாங்கி வருபவர் தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும்.

துக்க வீடு

சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது நம் பக்கம் நடக்காத காரியம். அதனால் போகிற முறையை மாற்றுங்கள். பந்தலைத் தெருவில் போட்டு, உடலையும் வெளியிலேயே வைத்தால் பாதி ஆபத்து குறைந்தது. வீட்டுக்குள் நாற்பது பேர் அழுவதுதான் மோசம். நேரத்தைச் சுருக்கி, வருபவர்கள் மாலை போட்டுவிட்டு எழுந்திருக்கட்டும். அடுத்த இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதில் துக்கத்தைப் பகிரலாம். தொற்றில் இறந்தவர் உடல் பையில் மூடிக் கொடுக்கப்பட்டிருந்தால் அது மூச்சு விடப் போவதில்லை. 2020 ஏப்ரலில் ஒரு டாக்டரின் உடலைச் சென்னையில் புதைக்கவிடாமல் கல் எறிந்தார்கள். அதன் பிறகு அப்படித் தடுப்பதைத் தமிழ்நாடு அரசு சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழி தோண்டுபவருக்கும் தூக்குபவருக்கும் கையுறை, மாஸ்க் வாங்கிக் கொடுப்பது குடும்பத்தின் பொறுப்பு.

எப்போது வெளியே வரலாம்

தனிமை எத்தனை நாள் என்பது அலைக்கு அலை மாறியது. 2022 ஜனவரியில் ஏழு நாள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் என்றார்கள். உங்கள் வீட்டில் தொற்று வரும்போது நடப்பில் உள்ள அரசு அறிவிப்பைப் பாருங்கள். ஒற்றை ரூமில் முதியவர் இருந்தால் அதற்கு மேலும் மூன்று நாள் மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. பயன்படுத்திய மாஸ்க்குகளை இரண்டு துண்டாக வெட்டிக் காகிதப் பையில் மூன்று நாள் வைத்து, பிறகு குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கும்படி மக்கும் குப்பையோடு கலக்காதீர்கள்.

தனிமை முடிந்தது என்பதற்கு வேலைக்குத் தயார் என்று அர்த்தமில்லை. ஹார்பரில் மூட்டை தூக்குபவர், வலை இழுப்பவர், பெயிண்டர் எல்லோரும் கூலி போகிறதே என்று மறுநாளே கிளம்புவார்கள். முதலில் மாடிப்படி இரண்டு ஏற்றம் ஏறிப் பாருங்கள். ஏறி முடித்ததும் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, நெஞ்சு படபடப்பு ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ இன்னும் ஒரு வாரம் வேண்டும். அதன் பிறகும் முதல் வாரம் பாதிச் சுமை. மேஸ்திரியிடம் அதைச் சொல்லிவிட்டே வேலையில் இறங்குங்கள்.